மலையைக் குடைந்து ஒரு நகரம்: வன்னியில் இருந்து கற்பனை செய்வோருக்கு முழுமையான வழிகாட்டி

மலைநகரம் என்றதும் பெரும்பாலானோர் கோபுரத்தில் இருந்துதான் தொடங்குகிறார்கள். மேகம் உரசும் மாடங்கள், நடுவில் ஒரு அருவி, தொங்கு பாலங்கள், உச்சியில் அரசி. படம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கதை மூன்றாம் அத்தியாயத்தைத் தாண்டாது. அந்த நகரத்தில் யாரும் குளிப்பதில்லை, சமைப்பதில்லை, வெட்டிய கல்லை எங்கே கொட்டினார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட ஊரில் என்ன சண்டை வரப்போகிறது?

கதை, காமிக்ஸ், கேம், ஓவியம், எதற்காக என்றாலும் மலைப்பக்கத்தைக் குடைந்த ஒரு கற்பனை நகரத்தை அடியில் இருந்து உருவாக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக, இலங்கையின் வடக்கே இருக்கும் வன்னிப் பிள்ளைகளுக்கு. ‘எங்கட பக்கம் மலையே இல்லையே’ என்று யோசிக்க வேண்டாம். நெடுங்கேணிப் பக்கம் வெடுக்குநாறி மலை போல அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பாறைக்குன்றுகள் இருக்கின்றன, மற்றதெல்லாம் தட்டை நிலம். சரி. ஆனால் மலைநகரத்துக்கு வேண்டிய முதல் அறிவு ஏறுவது எப்படி என்பதல்ல. நாலு மாத மழையை வைத்துப் பன்னிரண்டு மாதம் குடும்பம் நடத்துவது எப்படி என்பதுதான். குளக்கட்டுக்குக் கீழே வளர்ந்த எவரும் அதைப் புதிதாகப் படிக்கத் தேவையில்லை.

கையில் ஒரு சதுரக்கோட்டுக் கொப்பி, பென்சில், கல்குலேட்டர் இருந்தால் போதும். உதாரணத்துக்கு ஒரு நகரத்தை வைத்துக்கொள்வோம். பெயர் கல்லடுக்கு. மக்கள் 5,000 பேர், ஆயிரம் குடும்பம். மலைமுகத்தின் உயரம் 200 மீற்றர். சிகிரியாப் பாறை சுற்றியுள்ள நிலத்தில் இருந்து ஏறத்தாழ 180 மீற்றர் உயரம். அதில் ஏறி இறங்கியவர்களுக்கு நான் சொல்லும் அளவை முழங்கால் சொல்லிவிடும்.

படி 1: கல்லைத் தெரிவு செய்யுங்கள்

இதை முடிவு செய்யாமல் ஒரு கோடும் போட வேண்டாம். எந்தக் கல் என்பதே யார் வெட்டலாம் என்பதை முடிவு செய்கிறது.

துருக்கியில் கப்பதோக்கியா என்ற பகுதி. அங்கே எரிமலைச் சாம்பல் இறுகி உருவான மென்மையான கல். வெட்டும்போது இளக்கமாக இருக்கும், காற்றுப்பட்டுக் கொஞ்சம் இறுகும். அதனால் சாதாரணக் குடும்பமே தனக்கு ஒரு அறை வேண்டும் என்றால் குடைந்துகொள்ளலாம். நிலத்துக்கு அடியில் ஏறத்தாழ 85 மீற்றர் ஆழம் போகும் தெரின்குயு என்ற ஊரே அப்படித்தான் உருவானது. ஜோர்தானின் பெத்ரா மணற்கல். இத்தாலியின் மத்தேரா மென்மையான சுண்ணக்கல். இப்படிப்பட்ட கல்லில் மக்கள் நகரம் வரும்.

கருங்கல் வேறு கதை. ஒரு முழம் போக நாட்கணக்காகும், உளி மழுங்கும், கொல்லன் பட்டறை நாள் முழுக்க எரிய வேண்டும். அதற்குச் சோறு போட அரசன் வேண்டும். பல்லவ அரசன் முதலாம் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் ஒரு குடைவரையை வெட்டிவிட்டு, செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பிரம்மா, ஈசன், விஷ்ணு மூவருக்கும் கோயில் எடுத்தேன் என்று கல்வெட்டில் எழுதிவைத்தான். அந்தப் பெருமை கருங்கல்லில்தான் வரும். பஞ்சு போன்ற கல்லைக் குடைந்தவன் அப்படி எழுதியிருக்க மாட்டான்.

வன்னியின் அடியில் பெரும்பாலும் இருப்பது பழைய, கடினமான உருமாறிய பாறை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் சுண்ணக்கல். கிணறு வெட்டிய இடத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும்: ஒன்றுக்கு வெடி வேண்டும், மற்றதுக்கு அலவாங்கும் பொறுமையும் போதும்.

என் ஆலோசனை, கல்லடுக்குக்கு இரண்டையும் வையுங்கள். உச்சியில் 40 மீற்றர் தடிப்புக்குக் கடினமான கல், அதற்குக் கீழே 160 மீற்றர் மென்கல். உச்சியில் அரசும் கோயிலும்: சில அறைகள், ஆனால் அசையாதவை. கீழே சனம்: ஆயிரக்கணக்கான அறைகள், ஆனால் அரிக்கும், இடியும். ஒரு தலைமுறையின் கோபம் முழுவதும் அந்த ஒரு கோட்டில் அடங்கிவிடும்.

படி 2: மலை எந்தப் பக்கம் பார்க்கிறது

வன்னி பூமத்திய ரேகைக்கு ஏறத்தாழ 9 பாகை வடக்கே இருக்கிறது. ஆகவே மார்கழியில் மத்தியான வெயில் தெற்குப் பக்கம் சாயும், ஆனியில் வடக்குப் பக்கம் சாயும். சித்திரையிலும் ஆவணியிலும் நேரே தலைக்கு மேலே. தெற்கு பார்த்த மலைமுகத்துக்குக் கடும் கோடையில் நிழல் கிடைக்கும் என்பது இதன் பொருள். குளிர்நாட்டுக் கதைகளில் தெற்கு முகம் வெயிலுக்காக, நமக்கு நிழலுக்காக.

மழை வாடைக்காற்றோடு வரும், ஐப்பசியில் இருந்து. வடகிழக்கைப் பார்க்கும் பக்கம் சாரலில் நனைந்துகொண்டே இருக்கும். தண்ணீரைப் பிடிக்கும் சரிவை அந்தப் பக்கம் வையுங்கள், வீட்டு வாசல்களைத் தெற்குப் பக்கம் வையுங்கள். மலையின் முதுகு மழைக்கு, முகம் சனத்துக்கு. சோளகம் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தூசு நேரே வாசலுக்குள் வரும். அதற்கு ஒரு தட்டிக் கலாசாரத்தையே நீங்கள் கண்டுபிடிக்கலாம்.

படி 3: தண்ணீர்

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். மற்றப் படிகளை அரைநாளில் முடித்துவிடலாம், இதற்கு ஒரு வாரம் கொடுங்கள்.

முதலில் கணக்கு. ஒரு சதுர மீற்றர் பாறையில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர். இவ்வளவுதான் சூத்திரம். ஆண்டுக்கு 1,000 மி.மீ. மழை என்று வைத்து (வன்னியில் அதைவிடக் கூட விழும், கற்பனைக்குக் குறைத்தே பிடியுங்கள்), அதில் பாதியை வாய்க்காலுக்குத் திருப்ப முடிகிறது என்று கொண்டால், ஒரு ஹெக்டேயர் வெறும்பாறை 50 இலட்சம் லீற்றர் தரும். குடிக்க, சமைக்க, கொஞ்சம் கழுவ ஒரு ஆளுக்கு நாளுக்கு 20 லீற்றர். ஆண்டுக்கு 7,300. கல்லடுக்கின் 5,000 பேருக்கு 3 கோடியே 65 இலட்சம் லீற்றர். அதற்கு ஏழரை ஹெக்டேயர் பாறைச்சரிவு வேண்டும். உங்கள் மலையின் முதுகில் அவ்வளவு இடம் இருக்கிறதா? இல்லையென்றால் சனத்தைக் குறையுங்கள், அல்லது தண்ணீரைத் திருடும் ஊராக மாற்றுங்கள். இரண்டாவதில் கதை அதிகம்.

அடுத்தது சேமிப்பு. எட்டு மாதம் மழை இல்லை என்றால் 240 நாட்களுக்கு 2 கோடியே 40 இலட்சம் லீற்றரைப் பாறைக்குள் வைத்திருக்க வேண்டும். பத்து மீற்றர் அகலம், பத்து மீற்றர் உயரம், 24 மீற்றர் நீளம் கொண்ட தொட்டிகள் பத்து. மிகை என்று நினைக்காதீர்கள். மத்தேராவில் பிரதான சதுக்கத்துக்கு அடியில் வெட்டிய பொதுத் தொட்டி ஒன்றே ஏறத்தாழ 50 இலட்சம் லீற்றர் பிடிக்கும். பெத்ராவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 150 மி.மீ. மழைதான், பாறையில் வாய்க்கால் கீறி, சுட்டமண் குழாய் பதித்து, அணைகட்டி, தொட்டிவெட்டி நபாத்தியர் என்ற பண்டைய மக்கள் அங்கே ஒரு வணிக நகரத்தை நடத்தினார்கள். நகரத்துக்குள் நுழையும் 1.2 கிலோமீற்றர் ஒடுங்கிய பள்ளத்தாக்கின் சுவரோரம் அந்த வாய்க்கால்கள் இன்றும் தெரியும்.

பத்துத் தொட்டியையும் ஒரே மட்டத்தில் வைக்க வேண்டாம். வன்னியில் குளங்கள் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள்: மேல்குளம் நிறைந்து வான் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் கீழ்க்குளத்துக்கு, அது நிறைந்தால் அதற்கும் கீழே. அதே தொடரை நிமிர்த்தி மலையில் சாத்துங்கள். ஒவ்வொரு தொட்டிக்கும் நாலு உறுப்பு கட்டாயம்:

வண்டல் குழி: வாய்க்கால் வந்து விழும் இடத்தில் ஒரு சிறு பள்ளம். மணலும் சருகும் செத்த ஓணானும் அங்கேயே தங்க வேண்டும்.

சாந்து: மென்கல் தண்ணீரைக் குடிக்கும். உள்ளே சுண்ணச்சாந்து பூச வேண்டும், வருடா வருடம் பழுதுபார்க்க வேண்டும். அதற்கென்று ஒரு சமூகம் வரும். அவர்களுக்கு மட்டும்தான் தொட்டிக்குள் இறங்க உரிமை. தொட்டி வற்றும் ஆவணி மாதமே அவர்களுக்குப் பெருநாள்.

துருசு: திறந்து மூடும் கதவு. இதைப் பற்றிப் பிறகு.

வான்: மிதமிஞ்சிய தண்ணீர் போகும் வழி. கற்பனை நகரங்களில் பத்துக்கு ஒன்பதில் இது இருக்காது. வான் இல்லாத தொட்டி நிறைந்தால் தண்ணீருக்குத் தெரிந்த ஒரே வழி படிக்கட்டு. ஆறாம் அடுக்கில் தூங்குகிறவன் வீட்டுக்குள் கார்த்திகை மழை நடந்தே வரும். படத்தில் அருவி வேண்டும் என்று ஆசையாக இருந்தால் அதை வானாக வையுங்கள். மழைக்காலத்தில் மட்டும் விழும். முதல் நாள் விழும்போது ஊரே வாசலில் நின்று பார்க்கும், இங்கே குளம் வான்பாயும்போது சனம் பார்க்கப் போவதைப் போல.

எல்லாத் தொட்டியையும் ஒரே அரசன் ஒரே காலத்தில் வெட்டியதாகவும் எழுதாதீர்கள். கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்து வேலை 1902 இல் தொடங்கி ஏறத்தாழ இருபது வருடம் இழுத்தது. அதற்குப் பிறகும் கட்டைப் பலமுறை உயர்த்தினார்கள். தொட்டிச் சுவரில் பழைய நீர்மட்டக் கோடு ஒன்று, அதற்கு மேல் வேறு நிறச் சாந்து, இன்னும் மேலே வேறு உளித்தடம் என்று மூன்று தலைமுறை தெரிய வேண்டும்.

கழிவுநீரைப் பற்றி எழுத வெட்கப்படாதீர்கள். மேலே இருப்பவன் குளித்த தண்ணீர் கீழே இருப்பவன் வாசலைக் கடந்துதான் போக வேண்டும். நல்ல தண்ணீருக்கு ஒரு வாய்க்கால், அழுக்குத் தண்ணீருக்கு ஒரு வடிகால். இரண்டும் சந்திக்கும் இடம் எங்கேயாவது இருக்கிறதா என்று வரைபடத்தில் விரல் வைத்துத் தேடுங்கள். இருந்தால் அங்கே காய்ச்சல் தொடங்கும்.

படி 4: மேலிருந்து கீழே வெட்டுங்கள்

கட்டிடம் அடியில் இருந்து எழும்பும். குடைவு உச்சியில் இருந்து இறங்கும். எல்லோராவின் கைலாசநாதர் கோயில் அப்படித்தான், பெத்ராவின் ஏறத்தாழ 40 மீற்றர் உயர முகப்பும் அப்படித்தான். சாட்சி வேண்டும் என்றால் தூத்துக்குடி மாவட்டத்துக் கழுகுமலையில் வெட்டுவான் கோயிலைப் பாருங்கள். பாண்டியர் காலத்தில் ஒரே பாறையில் வெட்டத் தொடங்கி நின்றுபோன வேலை. மேலே விமானத்தில் சிற்பம் நுணுக்கமாக முடிந்திருக்கிறது, கீழே அடிப்பகுதி கல்லாகவே கிடக்கிறது. காரணமும் எளிது: கீழே முடித்த சிற்பத்தின் மேல் மேலிருந்து கல் விழக்கூடாது, சாரமும் கட்டத் தேவையில்லை, வெட்டாத பாறையே நிற்க மேடை.

கதைக்கு இதனால் ஒரு நல்ல விளைவு. மண்ணில் புதைந்த நகரத்தில் பழையது கீழே கிடக்கும். உங்கள் நகரத்தில் பழையது உச்சியில். ஒரு பாத்திரம் படியேறப் படியேறக் காலத்தில் பின்னே போகிறது. உளித்தடம் மாறும், வாசலின் வடிவம் மாறும், எழுத்து மாறும்.

கருவிகளில் ஒரு காட்சியை நெருக்கமாகக் காட்டுங்கள். மாமல்லபுரத்துப் பாறைகளில் ஒரே வரிசையில் சிறு சதுரக்குழிகள் இருக்கும். கல்லைப் பிளக்க வெட்டியவை. குழிக்குள் ஆப்பு அடித்து வரிசை முழுவதையும் முறைவைத்துத் தட்டிக்கொண்டு போவார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தடிக்கும். பிறகு ஒரு அடியில் குரல் மாறும், கீறல் ஓடும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் கிழவர் ஒருவர் உங்கள் கதையில் இருக்கட்டும். கண் தெரியாவிட்டாலும் வேலைக்கு அவர் வேண்டும்.

இனி எல்லோரும் மறப்பது: வெட்டிய கல். ஐந்து மீற்றர் நீளம், நாலு மீற்றர் அகலம், இரண்டரை மீற்றர் உயரம் என ஒரு அறை எடுத்தால் 50 கனமீற்றர் பாறை. உடைத்துக் குவித்தால் ஒன்றரை மடங்கு, 75 கனமீற்றர். நம்மூர்க் கணக்கில் 26 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி), மூன்று கியூப் டிப்பரில் ஒன்பது லோட். ஒரு அறைக்கு! ஆயிரம் குடும்பத்துக்கும் தலா இரண்டு அறையும் அந்தப் பத்துத் தொட்டியும் சேர்த்தால் 186,000 கனமீற்றர் கல்லும் சல்லியும் மலையடியில் கிடக்கும். ஐந்து மீற்றர் தடிப்பில் பரப்பினால் ஒன்பது ஏக்கருக்குக் கொஞ்சம் கூட.

அதை மறைக்காதீர்கள், பயன்படுத்துங்கள். தாங்குசுவர் கட்டி, மண் போட்டு, தோட்டமாக்குங்கள். அல்லது அதன் மேலேயே ஒரு கீழூர் முளைக்கட்டும்: குடைய உரிமை இல்லாதவர்கள், கொட்டிய கல்லில் வீடு கட்டிக்கொண்டவர்கள். மேலே யாராவது புது அறை வெட்டினால் இவர்கள் தலையில்தான் சல்லி விழும்.

படி 5: பாரம்

கல் நசுக்கலைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அதனால் தட்டையான அகலக் கூரை கல்லுக்கு ஆகாது. வளைவாக வெட்டுங்கள், அல்லது தூண் விடுங்கள். மேல்மாடித் தூணுக்கு நேர் கீழே கீழ்மாடித் தூண் இருக்க வேண்டும். இரண்டு மாடிக்கு இடையில் ஒரு ஆள் உயரத்துக்காவது கல் மிஞ்சட்டும். பெரிய மண்டபம் வேண்டும் என்றால் படி 1 இல் சொன்ன கடினக் கல்லுக்குப் போங்கள்.

ஒவ்வொரு குடும்பமும் தன் சுவரை அரையடி சுரண்டினால் என்ன ஆகும் என்பது இந்த நகரத்தின் நிரந்தரப் பயமாக இருக்கட்டும். ‘சுவர் திருட்டு’ என்று ஒரு குற்றம், அதற்கு ஒரு தண்டனை.

நிலநடுக்கம் வைக்க நினைத்தால் ஜோர்ஜியாவின் வார்ட்சியாவை நினையுங்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் மலைக்குள் மறைவாக வெட்டிய குடியிருப்பு. 1283 இல் பூமி அதிர்ந்து மலையின் முன்பக்கம் பெயர்ந்து விழ, உள்ளே இருந்த அறைகள் எல்லாம் வெளியே தெரிந்தன. இன்று நாம் பார்ப்பது வெட்டுப்பட்ட அந்த உட்புறத்தைத்தான். சீனாவில் 1556 நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 8 இலட்சத்து 30 ஆயிரம் பேர் இறந்ததாகச் சொல்லப்படுகிறது. காற்று கொண்டுவந்து குவித்த இளக்கமான மண்மேட்டில் குடைந்த வீடுகளில் இருந்தவர்கள் அவர்களில் ஏராளம்.

படி 6: காற்று, வெளிச்சம், புகை

வாசலின் உயரத்தைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு தூரத்துக்குத்தான் பகல் வெளிச்சம் பயன்படும்படி உள்ளே வரும். இரண்டு மீற்றர் வாசல் என்றால் ஐந்து மீற்றர். அதற்கு உள்ளே விளக்கு. ஆகவே சனம் இருக்கும் பகுதி மலைமுகத்தில் ஒரு தோல் போல மெல்லியதாகப் படர வேண்டும். ஆழத்தில் தொட்டி, கருவறை, சிறை, பொருட்காப்பகம். நெல்லை ஆழத்தில் வைக்காதீர்கள், ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். நெல் உயரத்தில், வெயில் காயும் விளிம்பில்.

பாறையின் உட்புறம் அந்த இடத்தின் ஆண்டுச் சராசரி வெப்பத்தையே பிடித்து வைத்திருக்கும். நம் காலநிலையில் அது 28 பாகை அளவில் வரும். வெளியே 36 அடிக்கும்போது உள்ளே சுகம், ஆனால் ஐரோப்பியக் கதைகளில் வருவதைப் போல யாரும் கம்பளி போர்த்திக்கொண்டு நடுங்க மாட்டார்கள். வியர்க்கும். காற்று அசையாவிட்டால் மிகவும் வியர்க்கும். தெரின்குயுவில் மேலிருந்து அடிவரை நிமிர்ந்த காற்றுக்குழாய்கள் வெட்டியிருக்கிறார்கள். உங்கள் நகரத்திலும் அவை வேண்டும். அவற்றின் வாய் எங்கே திறக்கிறது என்பது படை வரும் காலத்தில் மிகப்பெரிய இரகசியம்.

சமையலறை எப்போதும் முகப்பில். ஆழத்தில் அடுப்பு மூட்டினால் புகை கொல்லும்.

போர்க்காலத்தில் முற்றத்தில் பங்கர் வெட்டிய தலைமுறைக்கு இந்தப் படியை நான் சொல்லித்தரத் தேவையில்லை. வாசலை நேரே விடாமல் ‘ட’ போல மடக்குவது, மேலே பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போடுவது, மழை பெய்தால் உள்ளே முழங்கால் தண்ணீர், நாலைந்து பேர் நெருங்கி இருந்தால் மூச்சுத் திணறுவது, குழந்தை அழுதால் சுவர் அதை இரண்டு மடங்காகத் திருப்பித் தருவது. குடைந்த இடத்தில் வாழ்வது எப்படி இருக்கும் என்று இணையத்தில் தேடுவதற்கு முன் வீட்டில் அம்மம்மாவிடம் கேளுங்கள். சொல்ல விருப்பம் இருந்தால் மட்டும் சொல்லட்டும். வற்புறுத்த வேண்டாம்.

அப்புறம் வௌவால். குடைந்த எந்த இடத்துக்கும் அவை வரும். எச்சம் தோட்டத்துக்கு உரம். நாற்றத்தோடு வாழப் பழகிய ஒரு தெரு.

படி 7: ஏறுவதும் சுமப்பதும்

ஒரு படி 17 சென்ரிமீற்றர் என்றால் 200 மீற்றருக்கு ஏறத்தாழ 1,180 படி. அரிசி மூட்டையோடு ஏறுகிறவரை நினையுங்கள். கப்பியும் கயிறும் வேண்டும், அரைவழியில் சுமைதாங்கிக் கல் வேண்டும், மன்னார்க் கழுதைகள் போலச் சலிக்காத விலங்கு ஏதாவது வேண்டும். விலங்குக்குப் படி ஆகாது, சரிவுப்பாதை தனியாக வெட்டுங்கள். எல்லாப் படிக்கும் பக்கத்தில் மழைநீர்க் கான். இதற்கு மேல் இந்தப் படியில் மினக்கெட வேண்டாம்.

படி 8: சோறு எங்கிருந்து வருகிறது

5,000 பேருக்கு ஆளுக்கு நாளுக்கு 400 கிராம் அரிசி என்றால் ஆண்டுக்கு 730 தொன் அரிசி. நெல்லாக 1,120 தொன். உரமும் இயந்திரமும் இல்லாத காலத்தில் ஏக்கருக்கு அரைத் தொன் கிடைத்தது என்று வைத்தால் 2,200 ஏக்கருக்கு மேல் வயல். மலையடிக் கல்மேட்டில் நீங்கள் போட்ட ஒன்பது ஏக்கர் கத்தரிக்கும் மிளகாய்க்கும்தான் காணும்.

ஆகவே வரைபடத்தை மலையோடு நிறுத்தாதீர்கள். மலைக்கு முன்னால் ஒரு சமவெளி, அதில் குளங்கள், வயல், முதிரையும் பாலையும் நிற்கும் காடு, இரவில் யானை. அதாவது வன்னி. அங்கே கமக்காரர் இருக்கிறார்கள், அவர்கள் இல்லாவிட்டால் மலை மூன்று மாதத்தில் பட்டினி. மலை அவர்களுக்கு என்ன திருப்பிக் கொடுக்கிறது? கல்லா, பாதுகாப்பா, வானில் இருந்து வழியும் தண்ணீரா? மலைநகரக் கதைகளில் பெரும்பாலும் எதிரி தூரதேசத்தில் இருந்து வருவான். என்னைக் கேட்டால், வரவேண்டியவர் நெல் பாக்கியைக் கேட்டு மலையடியில் வந்து நிற்கும் ஒரு கமக்காரர்.

படி 9: திறப்பு (சாவி) யார் கையில்

சிங்காசனத்தை விட்டுவிட்டுத் துருசைப் பாருங்கள். இங்கே சிறுபோகம் என்ற கோடைப் பயிர்ச்செய்கைக்கு முன் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து, எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கமக்காரரும் அதிகாரிகளும் கூடி முடிவெடுப்பார்கள். எல்லோருக்கும் காணாது. பங்கு பிரிப்பார்கள். குரல் உயரும், யாராவது எழுந்து போவார்கள், பிறகு வந்து இருப்பார்கள். அந்தக் கூட்டத்தைத் தூக்கிக் கல்லடுக்கின் ஏழாம் மண்டபத்தில் வையுங்கள். அதற்குப் பிறகு அரசவைக் காட்சிக்குத் தேவையே இருக்காது.

எழுதும் விதத்துக்கு ஒரு சிறு மாதிரி:

துருசுக் கதவுக்கு முன்னால் இருந்த கல்லில் விதானை குந்தியிருந்தார். திறப்பு மடியில்.

“விதானையார், ஆறாம் அடுக்குக்கு நேற்றும் வரேல்லை.”

“உங்கட முறை நாளைக்கெல்லே பிள்ளை.”

“போன கிழமையும் நாளைக்கு எண்டுதான் சொன்னனீங்கள்.”

அவர் தொட்டிச் சுவரில் இருந்த அளவுக் கோடுகளைக் காட்டினார். ஈரம் மூன்றாம் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. அதற்கு மேலே பாசி காய்ந்து, செதிலாக உரிந்துகொண்டிருந்தது.

“எட்டிப் பார். நானே குடிச்சனான்?”

“நீங்கள் குடிக்கேல்லை. மேலை ஆரோ தலை முழுகினவை. எங்கட வடிகாலிலை சீயாக்காய் மணக்குது.”

இதில் அரசன் இல்லை, வாள் இல்லை. ஆனால் யார் மேலே, யார் கீழே, தண்ணீர் எந்த மட்டத்தில், யார் பொய் சொல்கிறார்கள் என்று எல்லாம் வந்துவிட்டது. மந்திரம் வேண்டும் என்பவர்கள் தாராளமாகச் சேர்க்கலாம். ஒரே நிபந்தனை: மந்திரத்தால் தண்ணீர் வரக்கூடாது. வந்தால் மேலே போட்ட கணக்கெல்லாம் வீண், சண்டையும் தீர்ந்துவிடும்.

படி 10: பெயர்கள்

வாயில் நுழையாத பெயர்களை எழுத்தை மாற்றிப்போட்டுச் செய்ய வேண்டாம். நம் ஊர்ப்பெயர்கள் எப்படி வந்தன என்று பாருங்கள்: மாங்குளம், புளியங்குளம், இரணைமடு, தண்ணிமுறிப்பு, நெடுங்கேணி. மரம், தண்ணீர், ஒரு ஆள், ஒரு சம்பவம். அதே முறையில் வானடி, ஆப்படித்தெரு, வௌவால்மடு, கிழவன் தொட்டி, சாந்துக்காரர் அடுக்கு. வாசகர் பெயரைக் கேட்டதும் அங்கே என்ன இருக்கும் என்று ஊகிக்க வேண்டும்.

படி 11: வரைந்து, நடத்திப் பாருங்கள்

மேலிருந்து பார்க்கும் சாதாரண வரைபடம் இந்த நகரத்துக்கு உதவாது. இரண்டு படம் வேண்டும். ஒன்று முன்முகம்: வாசல்கள், படிகள், வான். மற்றது மலையைக் கத்தியால் நெடுக்காக வெட்டியது போன்ற குறுக்குவெட்டு: தொட்டி, காற்றுக்குழாய், தூண், வடிகால். கொப்பியில் ஒரு சதுரம் இரண்டு மீற்றர் என்று வைத்தால் மலையுயரம் நூறு சதுரம், நாலைந்து தாளை ஒட்ட வேண்டிவரும். நல்ல தண்ணீருக்கு நீலம், அழுக்குத் தண்ணீருக்கு மண்ணிறம், காற்றுக்குப் பச்சை. நீலக்கோடு எங்கேயாவது மேல்நோக்கிப் போனால் அங்கே யாரோ வாளியோடு நிற்க வேண்டும். அவர் பெயரை எழுதுங்கள்.

பிறகு மூன்று பேரை ஒரு நாள் முழுவதும் நடக்கவிடுங்கள்: தண்ணீர் சுமக்கும் ஒருத்தி, கல் கொட்டப் போகும் ஒரு பையன், உச்சியில் இருந்து ஒருபோதும் இறங்காத ஒரு பெரியவர். காலை எங்கே எழும்பினார்கள், முகம் எங்கே கழுவினார்கள், மத்தியானம் எந்த நிழலில் இருந்தார்கள், இரவு விளக்கெண்ணெய் எவ்வளவு மிச்சம் என்று மணிக்கணக்காகக் குறியுங்கள். கோடையில் ஒருமுறை, மாரியில் ஒருமுறை. ஒரு நாளில் மூவரும் எங்கேயும் எதிர்ப்படவில்லை என்றால் படிக்கட்டை மாற்றுங்கள். ஒன்றையொன்று தாண்டிப் போக முடியாத அளவுக்கு ஒடுங்கிய ஒரு இடம் கட்டாயம் வேண்டும், அது துருசுக்குப் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. கோபுரத்தை எங்கே வைப்பது என்று அதற்குப் பிறகு யோசிக்கலாம். பெரும்பாலும் மூன்றாம் தொட்டிக்கு மேலே, வண்டல் அள்ளக் கப்பி பொருத்திய இடத்தில், இடம் மிஞ்சியிருக்கும்.